அனுப்பியதும் சேர்ந்ததும்



2018-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், மீலாது விடுமுறை. ஜம்மு காஷ்மீர் முன்னாள் முதலமைச்சர் மெஹபூபா முஃப்தி ஆட்சியமைக்க உரிமை கோரி ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் கட்சியினர் 29 பேர், தேசிய மாநாட்டுக் கட்சியினர் 15 பேர், காங்கிரஸார் 12 பேர் என 56 சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவு தமக்கு உண்டு என்பது அதன் சாரம். கடிதத்தை ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸில் அனுப்ப முயன்றதாகவும், எதிர்முனையில் அது ஏற்கப்படவில்லை என்றும் கூறிய அவர், பின்னர் அதனை ட்விட்டரில் வெளியிட்டார். எதிரணியில் நின்ற சஜ்ஜாத் லோன் தம் கோரிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றிரவே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. விடுமுறை நாளாதலால் ஃபேக்ஸைக் கவனிக்க ஆளில்லை என்று ஆளுநர் சத்யபால் மாலிக் மறுநாள் விளக்கம் கூறினார். கடிதம் கிடைத்திருந்தாலும் தம் முடிவு மாறியிராது என்றும் அவர் சொன்னார்.

இதன் அரசியலை அரசியலார் பேசட்டும். நமக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது. ஒரு கடிதம் புறப்படுவது ஒன்று. எதிர்முனை இயந்திரம் அதனைப் பெறுவது இரண்டாவது. உரிய மனிதர் கையில் எடுத்துப் படிப்பது மூன்றாவது. இம்மூன்றையும் நாம் ‘அனுப்பிவிட்டேன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நம் வீட்டுக் காரியமாயினும் ஜமாஅத்தின் காரியமாயினும் பல சங்கடங்கள் இந்த ஒரு சொல்லில்தான் பிறக்கின்றன.

மதுராந்தகத்தில் மத்ரஸா ஆசிரியனாகப் பணிபுரியும் நான் கலைப் பட்டதாரி. இயந்திரங்களை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் 2008-ஆம் ஆண்டில் எங்கள் அலுவலகத்திற்குக் கம்ப்யூட்டர் வழியே ஃபேக்ஸ் அனுப்பும் மென்பொருள் தேவைதானா, தேவையெனில் எது தகும் என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது. ஆங்கிலமும் கொஞ்சம் தட்டச்சும் தெரிந்தவன் என்பதே அதற்குக் காரணம். அந்தச் சோதனையில் தெளிந்த உண்மைகள் ஃபேக்ஸுக்கு மட்டும் உரியவை அல்ல. இன்று நம் கைபேசிக்கும் அவை பொருந்துகின்றன. அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

தொலைநகல் என்று தமிழில் எழுதினாலும் நம் வீடுகளில் அதற்கு ‘ஃபேக்ஸ்’ என்றுதான் பெயர். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மஞ்சள் எழுத்துப் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகளின் கண்ணாடிக் கூண்டுக்கருகில் அந்த இயந்திரம் உட்கார்ந்திருக்கும். விசா நகல் வந்ததா என்று நாளுக்கு இருமுறை சென்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! வழவழப்பான சுருள் தாளில் கருமையாக இறங்கும் அந்த நகலே ஒரு குடும்பத்தின் நம்பிக்கையாக இருந்த காலம் அது.

அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்தையும் படத்தையும் மின்கம்பி வழியே அனுப்பும் எண்ணம் தொலைபேசியைவிடப் பழையது. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்ஸாண்டர் பெய்ன் 1843-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1865-இல் இத்தாலியரான கசெல்லியின் கருவியைக் கொண்டு பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே பொதுச் சேவையே நடந்தது. ஆனால் உலகத்து இயந்திரங்கள் அனைத்தும் ஒரே மொழியில் பேசத் தொடங்கியது 1980-இல் ‘குரூப் 3’ எனும் பொது விதிமுறை வந்த பின்னரே.

அவ்விதியின்படி ஒரு வரியின் அகலம் 1,728 புள்ளிகளாகப் பிரிக்கப்படும். நீளவாக்கில் சாதாரணத் தரத்தில் அங்குலத்துக்குச் சுமார் 98 வரிகள். நுண்தரத்தில் அதைப்போல் இருமடங்கு. ஒவ்வொரு புள்ளியும் கருப்பா வெள்ளையா என்ற செய்தி மட்டும் ஒலியாக மாறித் தொலைபேசிக் கம்பியில் செல்லும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எதிர்முனை இயந்திரம் ‘பெற்றேன்’ என்ற ஒலிக்குறியைத் திருப்பி அனுப்பும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பேச்சின் உயிர்நாடி அதுவே.

கம்ப்யூட்டர் இதே வேலையைக் காகிதமின்றிச் செய்கிறது. ஃபேக்ஸ் மோடம் என்ற சிறு கருவியும் ஒரு மென்பொருளும் இருந்தால் போதும். கடிதத்தைத் தட்டச்சு செய்து, அச்சிடுவதற்குப் பதிலாக ஃபேக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால், மென்பொருள் அதனைப் புள்ளிகளாக்கித் தானே எண்ணைச் சுழற்றி அனுப்பிவிடும். கனடாவின் டெல்ரினா நிறுவனம் வெளியிட்ட வின்ஃபேக்ஸ் 1990-களில் இத்துறையில் பெயர் பெற்றது. 1995-இல் அதனை சைமன்டெக் வாங்கிற்று. பிறகு மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸிலேயே இவ்வசதியைச் சேர்த்துவிட்டதால் தனியே விலை கொடுத்து வாங்குவோர் குறைந்தனர். 2006-இல் வின்ஃபேக்ஸின் விற்பனையும் நின்றுபோயிற்று.

எங்கள் சோதனையில் மூன்று போட்டியாளர்கள். ஒன்று, சுருள் தாளில் அச்சிடும் பழைய இயந்திரம். இரண்டாவது, கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஃபேக்ஸ் வசதி. மூன்றாவது, விலைக்கு விற்கப்படும் ஒரு மென்பொருளின் முப்பது நாள் சோதனைப் பதிப்பு. விளம்பரத் தாளில் மூன்றாவதற்கு இருபதுக்கும் மேற்பட்ட சிறப்புகள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவே கிட்டாது என்று தோன்றியது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதத்தில் உண்மையாக என்னென்ன தாள்கள் போகின்றன, வருகின்றன என்று முதலில் பட்டியலிட்டேன். வக்ஃபு வாரியத்துக்குக் கடிதங்கள், மாணவர் சான்றுகள், ஜமாஅத்துகளுக்குச் சுற்றறிக்கை, வெளிநாட்டிலிருப்போரின் குடும்பங்களுக்காக அனுப்பப்படும் தாள்கள். இவ்வளவுதான். இவற்றைக் கருதியே நான்கு கேள்விகளை வகுத்துக்கொண்டேன்.

முதற்கேள்வி: எழுத்து எழுத்தாகவே போய்ச் சேருகிறதா? இதற்கென ஒரு சோதனைத் தாள் தயாரித்தேன். அதில் பத்து வரி தமிழ், இரண்டு வரி அரபி, ஒரு கையொப்பம், ஒரு வட்ட முத்திரை, ஒரு கைநாட்டு. தமிழில் ஒரு புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். அரபியிலோ பே, தே, ஸே என்ற மூன்று எழுத்துகளையும் பிரித்துக் காட்டுவது புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும்தாம். பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிப்பவனுக்கு இதன் அருமை தெரியும். சாதாரணத் தரத்தில் அனுப்பியபோது சிறிய எழுத்தின் புள்ளிகள் சில மறைந்தன. கைநாட்டு வெறும் கரும்பூச்சாயிற்று. நுண்தரத்தில் அனுப்பியபோது புள்ளிகள் நின்றன. கைநாட்டின் ரேகைகளும் ஓரளவு தெரிந்தன. இதில் இரு மென்பொருள்களும் சமம். பழைய இயந்திரத்திலும் நுண்தரம் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருளில் ஒருமுறை அமைத்துவிட்டால் அதுவே நிலைத்துவிடுகிறது.

இங்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்நாளில் மின்னஞ்சலில் தமிழ்க் கோப்பு அனுப்பினால், நாம் பயன்படுத்திய அதே எழுத்துரு எதிர்முனையிலும் இருந்தாலன்றிப் படிக்க இயலாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் பொதுத்தரம் கண்டது. அதன் பின்னரும் யூனிகோடு எங்கும் பரவும் வரை இத்தொல்லை நீடித்தது. ஃபேக்ஸுக்கோ எழுத்துரு என்ற கவலையே இல்லை. அது எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை, உருவமாகப் பார்க்கிறது. ஆகவே தமிழும் அரபியும் அரபுத் தமிழும், முதியவர் ஒருவரின் நடுங்கும் கையெழுத்தும் அதற்கு ஒன்றே.

இரண்டாம் கேள்வி: கெட்டிக்காரப் பையன் இல்லாத நாளில் யார் இயக்குவது? எங்கள் அலுவலகத்தைக் கவனித்து வந்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றே அழைப்போம். கணக்கில் புலி, கம்ப்யூட்டரில் புதியவர். விலைக்கு விற்கும் மென்பொருளின் திரையில் பொத்தான்கள் மிகுதி, அவர் தடுமாறினார். இலவசமாக வந்ததில் எண், பெயர், கோப்பு என்ற மூன்றே இடங்கள். இரண்டாம் நாளே பழகிவிட்டார். ஒரு கருவியைக் கெட்டிக்காரர் கையில் கொடுத்துச் சோதிப்பதைக் காட்டிலும் அன்றாடம் இயக்கப்போகிறவர் கையில் கொடுத்துச் சோதிப்பதே முறை.

மூன்றாம் கேள்வி: வந்த தாள் யார் கண்ணில் படுகிறது, எவ்வளவு காலம் நிற்கிறது? இயந்திரத்தின் தட்டில் விழுந்து கிடக்கும் தாளை அவ்வழியே செல்பவர் எவரும் படிக்கலாம். குடும்பச் சிக்கல் குறித்தும் கடன் குறித்தும் கடிதங்கள் வரும் அலுவலகம் அது. பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம் திறந்த தட்டில் கிடப்பது தகுமா? மேலும் அந்தச் சுருள் தாள் வெப்பத்தால் கருக்கும் பூச்சுடையது. சில ஆண்டுகளில் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிடும். முக்கியமானதை உடனே ஜெராக்ஸ் எடுத்து வைத்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் வந்தவையோ கோப்புகளாகக் கடவுச்சொல்லுக்குள் தங்கின. ஆனால் வட்டு பழுதானால் எல்லாம் ஒருசேரப் போய்விடுமே! ஆகவே வாரந்தோறும் குறுந்தகட்டில் படியெடுத்து வைப்பது என்ற விதியையும் சேர்த்துக்கொண்டோம்.

கம்ப்யூட்டரின் குறைகளையும் மறைக்கலாகாது. அது விழித்திருந்தால்தான் ஃபேக்ஸைப் பெறும். தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகள் அவை. இரவில் அலுவலகத்தைப் பூட்டிச் செல்கையில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் வரும் செய்திக்குக் கதவடைத்ததாகும். ஐப்பசி கார்த்திகை மழையில் இடியிறங்கும்போது தொலைபேசிக் கம்பியைக் கழற்றி வைக்காவிடில் மோடம் கருகிவிடும். கையொப்பமிட்ட தாளை அனுப்ப ஸ்கேனரும் வேண்டும். அஃதின்றி மென்பொருள் பாதி அலுவலகமே. அகலக்கற்றை இணைய இணைப்போடு தரும் மோடத்தை ஃபேக்ஸ் மோடமென்று எண்ணிவிடுவோரும் உண்டு, இரண்டும் வெவ்வேறானவை.

நான்காம் கேள்விதான் தலையாயது: சேர்ந்ததா இல்லையா என்று அது சொல்கிறதா? முதன்முதலாக ஒரு கடிதத்தை அனுப்பியபின் திரையில் வெற்றி என்ற சொல்லைக் கண்ட நான் மகிழ்ச்சியோடு பாயைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நோக்கியவாறே, “ஹஜ்ரத், போயிடுச்சுன்னு காட்டுது, சரிதான். சேர்ந்துச்சுன்னு யார் சொல்றது?” என்றார்.

அக்கேள்விக்குப் பின்னரே பதிவேட்டுப் பக்கத்தை ஊன்றிப் பார்த்தேன். நாள், நேரம், அழைத்த எண், எதிர்முனை இயந்திரம் தன்னை அறிவித்துக்கொண்ட பெயர் அல்லது எண், போன பக்கங்கள் என எல்லாம் அதில் இருந்தன. எதிர்முனையிலிருந்து திரும்பிய அந்தப் ‘பெற்றேன்’ ஒலிக்குறியை வைத்தே அது பக்கங்களை எண்ணுகிறது. பழைய இயந்திரமும் இத்தகைய அறிக்கையை அச்சிட வல்லதே. ஆனால் அந்தத் துண்டுத்தாள் மங்கிவிடும் அல்லது தொலைந்துவிடும். மென்பொருளின் பதிவேடோ ஓராண்டுக்குப் பின்னும் தேடினால் கிடைக்கும். ஆயினும் அதுவும் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறது. மனிதர் கையில் எடுத்தாரா என்ற மூன்றாம் படியை எந்த மென்பொருளாலும் சொல்ல இயலாது. எனவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தோம், எத்தனை மணிக்கு என்று பாய் தம் கையால் எழுதுவார். இலவச மென்பொருளும் இந்த நோட்டுப் புத்தகமும் சேர்ந்ததே எங்கள் தேர்வு.

இதன் மதிப்பு 2010-இல் விளங்கிற்று. பக்கத்து ஊர்ச் சகோதரி ஒருவரின் கணவர் ஜித்தாவில் மாரடைப்பால் இறந்துவிட்டார். மய்யித்தை அங்கேயே நல்லடக்கம் செய்யக் குடும்பத்தார் இசைந்தனர். அதற்கு வாரிசுகளின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு சென்று சேர வேண்டும். தாள்கள் தயாராவதற்குள் பல நாட்கள் கடந்துவிட்டன. அச்சகோதரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு புதன்கிழமை நண்பகல். சவூதியில் அன்று வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை; 2013-இல்தான் அது வெள்ளி, சனி என மாறியது. ஆகவே அன்றைய அலுவல் நேரத்துக்குள் சேராவிடில் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கக் கடிதம். முதற்பக்கத்தில் செய்தி, இரண்டாம் பக்கத்தில் அச்சகோதரியின் கைநாட்டும் பிள்ளைகளின் கையொப்பமும் நோட்டரி முத்திரையும். அனுப்பினோம். மழைக்கால இரைச்சலில் கம்பி பாதியில் அறுந்தது. பதிவேட்டில் இரண்டில் ஒன்று மட்டுமே சேர்ந்ததாக எழுந்தது. அதாவது செய்தி சேர்ந்துவிட்டது. அதற்கு உயிரூட்டும் கைநாட்டு சேரவில்லை. உடனே வேகத்தைக் குறைத்து அமைத்து இரண்டு பக்கங்களையும் மீண்டும் அனுப்பினோம். இம்முறை இரண்டுமே சேர்ந்ததாகப் பதிவாயிற்று. பாய் அத்தோடு விடவில்லை. இறந்தவரின் மைத்துனர் அங்கே அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் காத்திருந்தார். அவரைக் கைபேசியில் அழைத்து, “தாள் உங்க கையில இருக்குதா தம்பி? ரெண்டாவது பக்கத்துல ரேகை தெரியுதா?” என்று கேட்டார். தெரிகிறது என்ற பதில் வந்த பின்னரே நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தார். அச்சகோதரி அதுவரை நாற்காலியின் விளிம்பிலேயே அமர்ந்திருந்தார். மறுநாள் ஜனாஸா தொழுகை நிறைவேறியதாகச் செய்தி வந்தது.

அன்று எங்களுக்குத் துணை நின்றது மென்பொருளின் இருபது சிறப்புகள் அல்ல. இரண்டில் ஒன்று என்று உண்மை சொன்ன ஒரு வரியும், அதனைப் படிக்கத் தெரிந்து, மேலும் ஒரு கேள்வி கேட்ட ஒரு மனிதருமே.

காலம் மாறிவிட்டது. நம் நாட்டில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. எங்கள் மதுராந்தகமும் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஃபேக்ஸும் அருகிவிட்டது, ஆனால் முற்றும் மறையவில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2018-இல்கூட 8,000-க்கும் மேற்பட்ட ஃபேக்ஸ் இயந்திரங்கள் இருந்தன. 2019 ஜனவரி முதல் புதியன வாங்குவதற்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. ஜப்பானில் 2020-இல் கொரோனா நோயாளர் விவரங்களை மருத்துவர்கள் கையால் எழுதி ஃபேக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தது பெரும் விமர்சனத்துக்குள்ளாகி, பிறகு இணைய முறை புகுத்தப்பட்டது. பழக்கப்பட்ட கருவியை விடுவது முன்னேறிய நாடுகளுக்கும் எளிதாக இல்லை.

இன்றும் ஃபேக்ஸ் தேவைப்படும் அலுவலகம் எதுவேனும் இருப்பின் ஒரு குறிப்பு: செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியிழை இணைப்பு வந்த இடங்களில் தொலைபேசிப் பேச்சு இணைய முறையில் செல்கிறது. பேச்சுக்கென அமைந்த அவ்வழியில் ஃபேக்ஸின் ஒலிக்குறிகள் சிதைந்துபோகலாம். இதற்கென 1998-இல் வகுக்கப்பட்ட டி.38 எனும் விதிமுறையை உங்கள் இணைப்பு ஏற்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே மென்பொருளோ கருவியோ வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு இன்று வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் போதும். ஆனால் அந்தப் பழைய மூன்று படிகள் அப்படியே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு குறி வந்தால் நம் கைபேசியை விட்டுப் போயிற்று என்று பொருள். இரு குறிகள் எதிர்முனைக் கைபேசியைச் சேர்ந்ததைக் காட்டும். அவை நீலமானால் அந்த உரையாடல் திறக்கப்பட்டது என்று அறியலாம். திறந்தவர் உரிய அலுவலர்தானா, இணைத்த கோப்பைப் படித்தாரா, அதன்மேல் நடவடிக்கை எடுத்தாரா என்பதை எந்த நீலக்குறியும் சொல்லாது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம்கூட மின்னணு ஆவணத்தைப் பெற்றதற்கான ஒப்புகைக்கு 12-ஆம் பிரிவையும், அனுப்பிய நேரம், பெற்ற நேரம் ஆகியவற்றுக்கு 13-ஆம் பிரிவையும் தனித்தனியே ஒதுக்கியிருக்கிறது. அனுப்புவதும் பெறுவதும் இருவேறு செயல்கள் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

ஆகவே அன்பர்களே, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பமோ, தந்தையின் ஓய்வூதியத் தாளோ, வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கான சான்றிதழோ அனுப்பும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கையருகில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன அனுப்பினோம், எத்தனை பக்கம், எப்போது, பெற்றதாக உறுதி சொன்னவர் யார் என்ற நான்கையும் எழுதுங்கள். புதிதாக ஒரு மென்பொருளோ செயலியோ வாங்குமுன் அது என்னென்ன செய்யும் என்று விற்பவரிடம் கேட்பது இயல்பு. அத்தோடு, “நடுவில் நின்றுபோனால் அதை எனக்கு எப்படிச் சொல்லும்?” என்றும் கேளுங்கள். அதற்கு நேரான விடை தரும் கருவி எளியதாக இருப்பினும் உங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அதுவே போதுமானது.